மாடி முயல்

அந்த அக்காவை எங்கள் வீட்டில் யாருமே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். முதுகுக்குப் பின்னால் நின்று பேரைச் சொன்னால் கையில் இருப்பது கீழே விழும். டம்ளர் என்றால் டம்ளர், சோற்றுத் தட்டு என்றால் சோற்றுத் தட்டு. சில தடவை அப்படி ஆனபிறகு நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். அவள் இருந்த மொட்டைமாடி அறைக்கு ஏறுகிறவர்கள் படிக்கட்டின் இரும்புக் கம்பியை வளையலால் தட்டிக்கொண்டே ஏற வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வளையல் ஏது, அவர் இருமுவார். தூரத்திலிருந்தே சத்தம் வந்தால் அவள் திடுக்கிட மாட்டாள். இது பழகிப்போய் பேர் என்று ஒன்று அவளுக்கு இருந்ததே மறந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் பேரைப் போட எனக்கு மனசு வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்து இதைப் படித்தால், திடீரென்று தன் பேரைப் பார்த்துக் காபியை மேலே கொட்டிக்கொள்வாள். செய்யக்கூடியவள்தான்.

எங்கள் வீடு முல்லா வீதிப் பக்கம். கீழே குஷன் கடை, நடுவில் நாங்கள், மேலே அந்த ஒற்றை அறை. சோபா, கார் சீட், ஆட்டோ சீட் எதுவானாலும் பிரித்து, புது ஃபோம் வைத்து, ரெக்சின் தைத்துக் கொடுப்பதுதான் கடை வேலை. மாமனார் காலத்திலிருந்து அதுதான் எங்களுக்குச் சோறு. அக்கா பாகூர் பக்கம் விவசாயக் குடும்பம். ஊரிலிருந்தே தினமும் ஸ்கூட்டரில் வேலைக்கு வந்துபோகலாம். ஆனால் அரியாங்குப்பம் பாலத்தில் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தால் இவள் வண்டியை நிறுத்தி இறங்கி ஓரமாக நின்றுகொள்வாளாம். பின்னால் வருகிறவன் எல்லாம் வாயில் வந்ததைத் திட்டுவானாம். அதற்காகவே டவுனில் அறை தேடியதாகச் சிரிக்காமல் சொன்னாள். நான்தான் சிரித்தேன்.

என்ன வேலை என்று கேட்டதற்கு மீன் ஆராய்ச்சி என்றாள்.

"மீனைக் கொழம்பு வைப்பாங்க, வறுப்பாங்க. அதுல என்னா புள்ள ஆராய்ச்சி?" என்று கேட்டார் என் மாமியார்.

"சின்ன மீனும்மா. விரல் அளவுகூட இருக்காது. அது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கறது."

"நடந்துக்கறதா? நீந்தத்தானே செய்யும்?"

அன்றைக்கே மாமி அவளுக்கு முயல் என்று பேர் வைத்துவிட்டார். மாடி முயல். "மாடி முயலுக்கு ரெண்டு இட்லி எடுத்து வச்சிருக்கேன், போற வழியில குடுத்துடு" என்பார். முயலும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அவள் எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று கேட்டால் எதற்குப் பயப்பட மாட்டாள் என்று சொல்வது சுலபம். குக்கர் விசிலுக்குத் துள்ளுவாள். பல்லி விழுந்தால் துள்ளுவாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன்னால் மைக்கைத் திறக்கும்போது ஒரு 'டப்' வருமே, அதற்குத் தினமும் தவறாமல் துள்ளுவாள். ஆனால் மற்ற பயந்தாங்கொள்ளிகளைப் போல முகம் சிவந்து நெளிகிற பழக்கம் அவளிடம் இல்லை. துள்ளி முடித்ததும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ஏதோ வீட்டில் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்தவள் மாதிரி, "வேலை செய்யுது" என்பாள். ஒவ்வொரு தடவையும் அதேதான். "நல்லா வேலை செய்யுது." பைத்தியம் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கே அந்த வார்த்தையைக் கேட்காமல் பொழுது போகாது என்று ஆகிவிட்டது. வேண்டுமென்றே மூடியைக் கீழே போட்டிருக்கிறேன்.

மாமிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வயசுப் பெண் இப்படி நடுங்கினால் நாளைக்குக் கல்யாணம் காட்சி எப்படி நடக்கும் என்று கவலை. எங்கள் பள்ளிவாசலில் சாயங்காலம் மஃரிப் தொழுகை முடியும் நேரத்தில் வாசலில் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பயந்துபோன குழந்தை, ராத்திரி வீறிட்டு அழுகிற குழந்தை. தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி, குழந்தையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். நிற்பவர்களில் இந்து வீட்டுப் பெண்கள்தான் அதிகம். அந்த வரிசையில் இவளையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று மாமி ஒற்றைக் காலில் நின்றார்.

"வாணாம்மா. என் பயத்த எடுத்துடாதீங்க. எனக்கு அது வேணும்" என்றாள் அக்கா.

மாமி விடுகிற ஆளா? ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஓதி வாங்கிவந்து, இவள் வேலைக்குப் போயிருந்த நேரம் மாடிக்கு ஏறிவிட்டார். அங்கே அக்கா ஒரு கண்ணாடித் தொட்டியில் கோடு போட்ட குட்டி மீன்கள் வளர்த்தாள். கடையில் வாங்கியவை, ஆராய்ச்சிக்கு இல்லை, துணைக்கு. மாமி கிட்டப் போனதும் எல்லா மீனும் அடியில் போய் ஒட்டிக்கொண்டன. மாமிக்கு மனசு உருகிவிட்டது. முயலுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் பாதியை மீனுக்கு ஊற்றிவிட்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து, குழாய்த் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று அக்கா பதறிப்போய், வாளியில் தண்ணீரும் வலையுமாக எல்லா மீனையும் எடுத்து மாற்றினாள். மாமி கலங்கிப்போய் நின்றார்.

"எவ்ளோ பயம் பாரு அதுங்களுக்கு. மூலையில நடுங்கிக்கினு கெடந்துதுங்க. பாவமா இருந்திச்சு, ஊத்திட்டேன்."

அக்காவுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமியின் கையைப் பிடித்துத் தொட்டிக்கு அருகே கூட்டிப்போனாள். தன் உள்ளங்கையைத் தண்ணீருக்கு மேலே நிழல் விழும்படி நீட்டினாள். மேலே திரிந்த மீன்கள் எல்லாம் சட்டென்று கீழே இறங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

"கொக்கு வந்துடுச்சுன்னு நெனச்சுக்குதுங்க. இப்படிப் பயந்தாத்தாம்மா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்றாள். "எங்க லேப்ல வேற மாதிரி மீன் இருக்கு. முட்டையா இருக்கும்போது கொஞ்ச நாள் மட்டும் ஒரு கெமிக்கல் கலந்த தண்ணியில வச்சிருப்போம். ரொம்பக் கொஞ்சம்தான். அப்புறம் நல்ல தண்ணி, நல்ல தீனி, எல்லாம் ஒண்ணுபோலதான். வளந்தப்புறம் பாத்தா வித்தியாசமே தெரியாது. ஆனா நெழல் விழுந்தா சிலது ஒதுங்கறதே இல்ல. அதுபாட்டுக்கு மேலயே சுத்துது. எல்லாம் இல்ல, சிலது. சிலது ஒதுங்குது, ஆனா லேட்டா."

மாமி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பயம் போறதுக்கு உங்காபீசுலயே மருந்து வச்சிருக்கியே! அதுல ஒரு டம்ளர் நீ குடிச்சிருந்தா நான் எதுக்குப் புள்ள சொம்பத் தூக்கிக்கினு அலையறேன்?"

அக்கா சிரித்த சிரிப்பு கீழே கடை வரைக்கும் கேட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கொக்கு கொத்திக்கினு போயிடும்மா" என்று மட்டும் சொன்னாள். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு வாந்தி நின்று வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து உண்டானது. அந்தக் கெமிக்கல் என்னவென்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

கேட்காமலே தெரிந்தது. ஊரில் ஒரு பழைய தியேட்டரைப் புதுப்பித்தார்கள். அதன் சீட்டுகள் மொத்தமும் எங்கள் கடைக்கு வந்தன. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் என்றுதான் நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிடுவது. கிழித்தால் உள்ளே இருந்த ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மஞ்சள் தூள் கடையைத் தாண்டிப் படிக்கட்டில் ஏறி எங்கள் கூடம் வரை வந்தது. கம்பியை வளையலால் தட்டினால் தூள் பறந்தது. நான் துடைப்பத்தால் பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போனேன்.

அன்று அக்கா வேலை முடிந்து வந்தபோது மச்சான் கடை வாசலில் யாரோ வாடிக்கையாளருக்கு வித்தை காட்டிக்கொண்டிருந்தார். உதிராத ஃபோம் துண்டு ஒன்றை எடுத்து லைட்டரைப் பிடித்தார். "பாத்தீங்களா, சட்டுனு பத்தாது. அந்தக் காலத்துலயே மருந்து போட்டுச் செஞ்சிருக்கான்!"

அக்கா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். வந்தவர் போகும்வரை காத்திருந்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, இத இங்க பிரிக்காதீங்க" என்றாள். 

"ஏன், என்னா?"

"இது எந்த மருந்துன்னு சோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும். ஆனா பழைய பஞ்சு, தீப்பிடிக்காம இருக்கப் போடறது. நாங்க மீன் முட்டைக்குக் குடுக்கறது அந்த வகைதான்."

மச்சான் சிரித்துவிட்டார். "நாம என்னா மீன் முட்டையா?"

அக்கா திரும்பி என் வயிற்றைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன். மச்சானின் சிரிப்பும் நின்றது. சிரிப்பு நின்ற இடத்தில் கோபம் வந்துவிட்டது.

"தியேட்டர்ல தீப்பிடிச்சா எத்தினி பேர் வேவான்? அதுக்குத்தானே மருந்து போடறான்? அது தப்பா?"

"தப்பில்லண்ணா. தீக்கும் பயப்படத்தான் வேணும்."

"இதால எம் புள்ளைக்கு என்னா ஆவும்? அதச் சொல்லுங்க."

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"மீனுக்கு என்னா ஆவுதுன்னு கொஞ்சம் தெரியும். உங்க புள்ளைக்கு ஆவுமா ஆவாதான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது தெரியாதுன்னு சொல்றதுக்கா கடைவாசல்ல வந்து நிக்கறீங்க?" என்று மச்சான் கையிலிருந்த, ரெக்சின் அடிக்கிற பெரிய ஸ்டேப்ளரை மேசையில் போட்டார். அது படாரென்று விழுந்தது. அக்கா துள்ளி இரண்டு அடி பின்னால் போனாள். துப்பட்டா முனையை வாயில் வைத்துக்கொண்டாள். சரி, இனி ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மறுபடி நடந்துவந்து அதே இடத்தில் நின்றாள்.

"தெரியாததாலதாண்ணா எட்டி இருங்கன்னு சொல்றேன். கடைய மூடச் சொல்லல. பிரிக்கற வேலைய மட்டும் வேற எடத்துல வச்சுக்கங்க."

உடம்பெல்லாம் நடுங்கியது அவளுக்கு. நடுங்கிக்கொண்டே சொல்லி முடித்தாள். எனக்காக என் அம்மாகூட அப்படி வந்து நின்றிருப்பாளா என்று இன்றைக்கும் சந்தேகம்தான்.

மறுநாள் காலையில் மச்சான் சீட்டுகளை எல்லாம் வண்டியில் ஏற்றி, டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் கூட்டாளியின் தகர ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அக்கா சொன்னதற்காக இல்லையாம், கடையில் இடம் பத்தவில்லையாம். வண்டி கிளம்பும்போது அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, அங்க புள்ளத்தாச்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல. ரெண்டு நாய்தான் இருக்கு."

"குட்டி போட்ட நாயா?"

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் முகமூடி கட்டிக்கொண்டுதான் பிரித்தார், அங்கேயே குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாயும் ஆண் நாய்தான் என்று மாடிக்குக் கேட்கிற மாதிரி சொல்லவும் சொன்னார்.

அக்கா என் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிவிட்டாள். பெருக்கினால் தூள் எழும்புமாம், ஈரத்துணிதானாம். தினமும் வேலைக்குப் போவதற்கு முன் எங்கள் கூடத்தையும் படிக்கட்டையும் ஜன்னல் கம்பியையும் அவளே துடைத்தாள். படிப்பெல்லாம் படித்தவள் எங்கள் வீட்டில் முட்டி போட்டுத் தரை துடைக்கிறாளே என்று எனக்குக் கூசியது. சொன்னால் கேட்க மாட்டாள். நான் சாப்பிட உட்கார்ந்தால், தூள் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் கையைக் காட்டச் சொல்வாள்.

அவளிடம் ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. ஆறுதல் சொல்லத் தெரியாது. ஒரு நாள் தாங்கமுடியாமல் அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. உங்க வாயால சொல்லுங்க."

"தெரியாதத எப்படிம்மா சொல்றது?"

"பொய்யாவாவது சொல்லுங்க."

அவளும் அழுதாள். ஆனால் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம். "சரி, இன்ஷா அல்லாவாவது சொல்லுங்க. அல்லா நாடினா நடக்கும்னு, தெரியாதவங்க சொல்றதுதான் அது. அதுல பொய்யே கெடையாது."

கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் என் வயிற்றில் ஈரக்கையை வைத்து, நாக்கு புரளாமல், "இன்ஷா அல்லா" என்றாள். அது போதுமாக இருந்தது.

பாப்பா நல்லபடியாகப் பிறந்தாள். பிறந்ததில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சமர்த்து என்றால் அப்படி ஒரு சமர்த்து. விசில் அடித்தாலும் தூங்குவாள். தட்டு விழுந்தாலும் தூங்குவாள். வந்தவர்கள் எல்லாம் மாஷா அல்லா, எவ்வளவு அமைதி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல எனக்கு நிழல் விழுந்தும் ஒதுங்காத அந்த மீன்கள்தான் கண்ணுக்குள் சுற்றின. டாக்டர் காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்கு டாக்டர் சொன்னது பத்தவில்லை.

வளையலைத் தட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். பாப்பாவை அவள் மடியில் போட்டேன். "மீனுக்குப் பண்ற மாதிரி இவளுக்கும் பண்ணிப் பாருங்க. எனக்குத் தெரியணும்."

அக்கா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கைதட்டவில்லை, நிழல் காட்டவில்லை. "மாட்டேன்" என்றாள். "உம் புள்ள என் மீன் இல்லம்மா." அவ்வளவு கண்டிப்பாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா கூடத்தில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்து எதையோ பேசிக்கொண்டிருந்தாள். கீழே மச்சான் கைதவறிச் சோபாவின் இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையில் போட்டுவிட்டார். வீடே அதிர்ந்தது. அக்கா துள்ளினாள். அதே நொடியில் பாப்பாவும் இரண்டு கையையும் அகல விரித்து, விரலெல்லாம் நடுங்க, வாயைக் கோணிக்கொண்டு வீறிட்டாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி. அக்கா குழந்தையைப் பார்த்தாள், குழந்தை அக்காவைப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதது.

அக்கா தன் நெஞ்சில் கை வைக்கவில்லை. குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். "வேலை செய்யுது" என்றாள். "ஏய், வேலை செய்யுதுடி!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். மாமி ஓடிவந்து என்னவென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து அழுதார். அப்போதும் அந்த மகராசி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத வச்சு ஒண்ணும் முடிவா சொல்ல முடியாதும்மா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி முடிந்து அவள் போகும்போது பாப்பா தவழ ஆரம்பித்திருந்தாள். முதலில் வடக்கே ஏதோ ஊர், அப்புறம் வெளிநாடு. கொஞ்ச காலம் போனில் குரல் அனுப்பினாள். நடுவில் அங்கே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், பேச்சு நிற்கும், பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே திரும்பத் திரும்பக் கேட்பேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. அந்த நம்பருக்குப் போட்டால் இப்போது இந்திக்காரர் ஒருவர் எடுக்கிறார். நல்ல மனுஷன், திட்டுவதில்லை. மீன் தொட்டியை மாமிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். மீன்கள் வாழ்ந்த மட்டும் வாழ்ந்தன. தொட்டியில் மாமி இப்போது புதினா போட்டிருக்கிறார். யார் யாரோ வந்துபோகிற வீடு இது. ஆனால் இவளைத் தவிர வேறு யாரையும் நான் இத்தனை ஆசையாக எதிர்பார்த்ததில்லை. வாசலில் ஸ்கூட்டர் நிற்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் எட்டிப் பார்க்கிறேன்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். பலூன் இருக்கிற வீட்டுக்கு விருந்துக்கு வர மாட்டாள். கடற்கரையில் பாறைமேல் அலை மோதினால் என் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறாள். இதை வைத்து ஒன்றும் முடிவாகச் சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். போன வாரம் பக்கத்துத் தெருவில் யாரோ சரவெடி கொளுத்த, பாப்பா சோற்றுத் தட்டோடு கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.

மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். "மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கினு போய் ஓதிக்கினு வந்துடறேன். மாடி முயலாட்டமே நடுங்கறா."

"வாணாம் மாமி."

"என்னாடி வாணாம்? புள்ள எப்படிப் பயப்படுது பாரு."

"பயப்படட்டும் மாமி. வேலை செய்யுது."

மாமி முக்காட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் மழை வரும்போல இருந்தது. காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். பின்னாலேயே பாப்பாவும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த அறையில் இப்போது யாரும் இல்லை. ரெக்சின் சுருள்களைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். ஆனாலும் படி ஏறும்போது என் கை தானாகவே வளையலால் கம்பியைத் தட்டிவிட்டது.

"மேல யாரும்மா இருக்காங்க?" என்றாள் பாப்பா.

"யாரும் இல்லடி."

"அப்புறம் எதுக்குத் தட்டற?"

"இருந்தா பயந்துடுவாங்கல்ல" என்றேன்.